162 ஆட்டங்களைப் பின்தொடர்வது எப்படி? பேஸ்பால் சீசனுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ஒரே சீசனில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மார்ச் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் கடைசி வரை, அநேகமாகத் தினமும் ஆட்டம்தான். ஐ.பி.எல். லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம் என்று பழகியவர்களுக்கு இந்த எண்ணைக் கேட்டாலே மலைப்பாக இருக்கும். அதனால் புதிதாக வருகிறவர்கள் பலர் அக்டோபரில் உலகத் தொடர் என்ற இறுதித் தொடர் நடக்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள். யார் யார் என்று தெரியாததால் இரண்டு ஆட்டத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

நான் சொல்லும் வழி வேறு. ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முழு சீசனோடு கூடவே போங்கள். எல்லா ஆட்டத்தையும் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று பந்து வீசப்போவது யார், அவர் களைத்த பிறகு வரப்போவது யார்? பேஸ்பால் சீசனில் நடக்கும் நல்லது கெட்டது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

உதாரணத்துக்கு 2019-ஆம் ஆண்டின் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியை எடுத்துக்கொள்கிறேன். முதல் 50 ஆட்டங்களில் 31 தோல்வி. அதே அணி அக்டோபர் 30 அன்று உலகத் தொடரை வென்றது. ஒரு சீசனை எப்படி வாசிப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அணியைத் தேர்ந்தெடுப்பது

மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. ஒவ்வொரு லீக்கும் கிழக்கு, மத்திய, மேற்கு என்று மூன்று பிரிவுகள், பிரிவுக்கு ஐந்து அணிகள். நேஷனல்ஸ் இருப்பது நேஷனல் லீக் கிழக்கில். அட்லாண்டா பிரேவ்ஸ், நியூயார்க் மெட்ஸ், பிலடெல்பியா பில்லீஸ், மயாமி மார்லின்ஸ் ஆகியவை கூட இருப்பவை.

நீங்கள் அமெரிக்காவில் இருந்தால் பக்கத்து ஊர் அணியையே எடுங்கள், மைதானத்துக்குப் போக முடியும். இந்தியாவிலோ இலங்கையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் நேரத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் புத்திசாலித்தனம். வாஷிங்டனில் மாலை 7 மணி ஆட்டம் நமக்கு மறுநாள் விடிகாலை 4.30, சிங்கப்பூரில் காலை 7. அங்கே மதியம் 1 மணி ஆட்டம் இந்தியாவில் இரவு 10.30. லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் போன்ற மேற்குக் கரை அணிகளின் இரவு ஆட்டம் நமக்குக் காலை 7.30 வாக்கில் தொடங்கும். அலுவலகம் கிளம்பும் நேரம் அது. ஆனால் இரண்டு மூன்று இன்னிங்ஸைக் காதில் கேட்டுக்கொண்டே போகலாம். பேஸ்பாலின் வேகத்துக்கு வானொலி வர்ணனை அழகாகப் பொருந்தும்.

வெற்றி பெறும் அணியாகப் பார்த்துத் தேட வேண்டாம். இந்த வருஷம் ஜெயிக்கும் அணி அடுத்த வருஷம் கடைசிக்குப் போகலாம். ஒரு நல்ல பிட்சரோ (பந்து வீசுகிறவர்) இளம் பேட்டரோ உங்களை ஈர்த்தால் அது போதும்.

ஆட்டங்களை நேரலையில் பார்க்க எம்.எல்.பி. டி.வி. என்ற சந்தா இருக்கிறது. அமெரிக்காவுக்குள் இருப்பவர்கள் சந்தா கட்டும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் ஊர் அணியின் ஆட்டங்கள் அதில் மறைக்கப்பட்டிருக்கலாம், அவை உள்ளூர்த் தொலைக்காட்சிக்குச் சொந்தம். சந்தா இல்லாமலும் லீக்கின் இலவசச் செயலியில் ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று படமாகக் காட்டுவார்கள். முதல் மாதத்துக்கு அதுவே போதும்.

விதிகளில் இப்போதைக்குத் தேவையானது

முழு விதிப்புத்தகத்தையும் படித்துவிட்டு வர வேண்டாம். ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் மூன்று அவுட் ஆகும் வரை பேட் செய்யும். வெளியூர் அணி முதலில், உள்ளூர் அணி பிறகு. அடிக்கக்கூடிய பகுதிக்குள் (ஸ்ட்ரைக் பகுதி) வந்தும் பேட்டர் விட்டுவிட்ட பந்தோ, மட்டையை வீசியும் படாத பந்தோ ஒரு ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவர் அவுட். நான்கு பந்து ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே போய், அவர் மட்டையை வீசாமல் விட்டால் முதல் பேஸுக்கு இலவசமாக நடக்கலாம், அது வாக். பேஸ் என்பது களத்தின் மூலை; நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். சமன் ஆனால் கூடுதல் இன்னிங்ஸ் தொடரும். லீக் ஆட்டங்களில் கூடுதல் இன்னிங்ஸ் தொடங்கும்போதே இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரரை நிறுத்திவிடுவார்கள், அக்டோபரில் இது கிடையாது.

2023 முதல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் வீச வேண்டும். அதனால் முன்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டிய ஆட்டங்கள் இப்போது சராசரியாக 2 மணி 40 நிமிடத்துக்கு அருகில் முடிகின்றன. புதியவர்கள் உள்ளே வர இதைவிட நல்ல காலம் அமையாது.

மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்கத் தானாக வரும்.

ஐந்து பிட்சர்களின் பெயரை மனப்பாடம் செய்யுங்கள்

இதுதான் முக்கியமான படி, இங்கே அவசரப்படாதீர்கள்.

ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சருக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். அவர் ஏறக்குறைய 90, 100 பந்து வீசுவார், ஐந்தாறு இன்னிங்ஸ் தாங்குவார். அதன்பின் தோளுக்கு நான்கைந்து நாள் ஓய்வு. எனவே அணிக்கு ஐந்து ஸ்டார்ட்டர்கள் தேவை, அவர்கள் முறை வைத்து வருவார்கள். அந்த வரிசையின் பெயர் ரொட்டேஷன். ஒன்பது பேட்டர்கள் தினமும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். தினமும் மாறுவது பிட்சர் மட்டுமே. ஓர் அணி திங்கட்கிழமை ஒரு மாதிரியும் செவ்வாய்க்கிழமை வேறு மாதிரியும் தெரிவதற்கு இதுதான் காரணம்.

2019 நேஷனல்ஸில் மேக்ஸ் ஷெர்சர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், பேட்ரிக் கோர்பின், அனிபால் சான்செஸ் என்று நான்கு பேர் உறுதி. ஐந்தாம் இடத்துக்கு வருஷம் முழுக்க ஆள் மாறிக்கொண்டே இருந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் அணியின் நட்சத்திர பேட்டர் பிரைஸ் ஹார்ப்பர் 13 வருஷம், 330 மில்லியன் டாலர் என்ற ஒப்பந்தத்தில் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். நேஷனல்ஸ் தன் பணத்தை இடதுகை பிட்சர் கோர்பின் மேல் போட்டிருந்தது, ஆறு வருஷம், 140 மில்லியன். பெரிய பேட்டர் போன பிறகும் நல்ல ஸ்டார்ட்டர்களை நம்பிச் சீசனுக்குள் போகலாம் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்று மே மாதத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்டார்ட்டர் இறங்கியபின் வருகிறவர்கள் ரிலீவர்கள். அவர்கள் உடம்பைச் சூடுபடுத்தும் இடம் புல்பென், அந்தக் கூட்டத்துக்கும் அதுவே பெயர். முன்னிலையில் இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸைப் பூட்டுகிறவர் குளோசர். ரிலீவர்களிடம் கவனிக்க வேண்டியது களைப்பு. நேற்றும் முந்தாநாளும் வீசியவர் இன்று பெரும்பாலும் வரமாட்டார். ஆட்டம் பார்க்கும் முன் கடந்த இரண்டு நாளில் யார் எத்தனை பந்து வீசினார்கள் என்று ஒரு நிமிடம் பாருங்கள். மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், எட்டாவது இன்னிங்ஸில் எடுக்கப்போகும் முடிவைப் பாதி ஊகித்துவிடலாம். எனக்கு பேஸ்பாலில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

நேஷனல்ஸின் புல்பென் 2019-இல் படுமோசம். நேஷனல் லீக்கிலேயே கடைசி வரிசையில் இருந்தது. ஸ்டார்ட்டர்கள் முன்னிலையோடு பந்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், ஏழாவது எட்டாவது இன்னிங்ஸில் அது கரைந்துவிடும். குளோசர் ஷான் டூலிட்டில் மேல் சுமை ஏறிக்கொண்டே போனது, ஆகஸ்ட்டில் அவர் முழங்கால் வலியோடு காயப் பட்டியலுக்குப் போனார்.

ஒவ்வொரு நாளும் வரப்போகும் ஸ்டார்ட்டர்களின் பெயரை லீக்கின் தளத்தில் முன்கூட்டியே போடுவார்கள். வாரத்துக்கு இரண்டு ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால் உங்களுக்குப் பிடித்த ஸ்டார்ட்டரின் முறை வரும் ஆட்டத்தை ஒன்று, மற்றவர்களில் ஒருவருடையதை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடராகப் பாருங்கள், தனி ஆட்டமாக வேண்டாம்

ஒரே எதிரணியோடு ஒரே ஊரில் மூன்று அல்லது நான்கு நாள் தொடர்ந்து ஆடுவார்கள். மூன்றில் இரண்டு வென்றால் நல்ல தொடர். எல்லாத் தொடரிலும் இப்படியே செய்யும் அணி 108 வெற்றிக்குப் போய்விடும், அது அபூர்வம். 2019-இல் நேஷனல் லீக் கிழக்கை வென்ற பிரேவ்ஸ் அணி 97 வென்று 65 தோற்றது. பிரிவில் முதலிடம் பிடித்த அணியே 65 நாள் தோல்வியோடு வீட்டுக்குப் போகிறது. ஆகவே ஒரு தோல்விக்கு வருந்தும் அளவை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டும். எட்டு நாளில் ஏழு தோல்வி என்றால் கவலைப்படலாம்.

புள்ளிப்பட்டியலை வாசிப்பது

பட்டியலில் வெற்றி, தோல்வி, வெற்றி விகிதம் இருக்கும். விகிதத்தை .574 என்பதுபோல மூன்று இலக்கத்தில் எழுதுவார்கள். .600 என்றால் மிக நல்ல அணி, .500 என்றால் பாதிக்குப் பாதி.

அதற்கு அடுத்து 'எத்தனை ஆட்டம் பின்தங்கி' என்று ஒரு எண் இருக்கும். கணக்கு எளிது. முதலிடத்தின் வெற்றியிலிருந்து உங்கள் வெற்றியைக் கழியுங்கள். உங்கள் தோல்வியிலிருந்து முதலிடத்தின் தோல்வியைக் கழியுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 2019 முடிவில் பிரேவ்ஸ் 97-65, நேஷனல்ஸ் 93-69. நான்கும் நான்கும் எட்டு, பாதி நான்கு. ஆக நேஷனல்ஸ் நான்கு ஆட்டம் பின்னால்.

வெற்றி தோல்வியை விட ஜூன் மாதத்தில் எனக்கு அதிகம் சொல்லும் எண் ரன் வித்தியாசம். அணி எடுத்த மொத்த ரன்னிலிருந்து கொடுத்ததைக் கழித்தால் வருவது. தோல்விகள் அதிகம் இருந்தும் ரன் வித்தியாசம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த அணி ஒரு ரன், இரண்டு ரன்னில் தோற்கிறது, திரும்பி வர வாய்ப்பு உண்டு. வெற்றிகள் இருந்தும் வித்தியாசம் மைனஸில் கிடந்தால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

வீரர்களின் எண்களில் ஆரம்பத்துக்கு இரண்டு போதும். பிட்சருக்கு இ.ஆர்.ஏ. — ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் எத்தனை ரன் கொடுக்கிறார் என்பது. 3-க்குக் கீழே சிறப்பு, 4 சுமார், 5-க்கு மேல் கஷ்டம். 2019-இல் ஷெர்சர் 2.92. பேட்டருக்கு ஓ.பி.எஸ். — பேஸை அடையும் விகிதத்தையும் அடியின் பலத்தையும் கூட்டி வருவது. .800 நல்லது, .900 நட்சத்திரம். பேட்டிங் சராசரியை எல்லாரும் சொல்வார்கள், ஆனால் அது வாக்கைக் கணக்கில் எடுப்பதில்லை. வாக் வாங்கத் தெரிந்த, 2019 நேஷனல்ஸின் ஹுவான் சோட்டோ போன்ற ஆளை அந்த எண்ணை மட்டும் வைத்து எடைபோட்டால் அநியாயம்.

ஏப்ரல், மே: பொறுமைக்கான மாதங்கள்

நேஷனல்ஸின் 2019 மார்ச் 28 அன்று சொந்த மைதானத்தில் மெட்ஸிடம் 2-0 தோல்வியோடு தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ட்ரே டர்னர் பந்தை மெல்லத் தட்டப்போய் விரலை முறித்துக்கொண்டார், மே நடுப்பகுதி வரை ஆடவில்லை. மே தொடக்கத்தில் பிட்சிங் பயிற்சியாளரை நீக்கினார்கள். மே 23 அன்று நியூயார்க்கில் மெட்ஸிடம் நான்கு ஆட்டத் தொடரை முழுசாகத் தோற்று 19-31 என்று நின்றார்கள். மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை எப்போது அனுப்புவார்கள் என்பதே அப்போது பேச்சு.

அனுப்பவில்லை. மீதி 112 ஆட்டங்களில் 74 வென்றார்கள்.

புதியவர் அந்த மே மாதத்தில் எதைப் பார்த்திருக்க வேண்டும்? ஸ்டார்ட்டர்கள் நன்றாக வீசிக்கொண்டிருந்தார்கள். டர்னர் திரும்பி வந்துவிட்டார். ஆன்டனி ரெண்டோனும் இருபது வயது சோட்டோவும் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டை ஒரே இடத்தில், புல்பென்னில். ஓட்டை எங்கே என்று தெரிந்தால் அதை அடைக்க முடியுமா என்று யோசிக்கலாம். உங்கள் அணி தோற்கும்போதும் இதே மாதிரி பிரித்துப் பாருங்கள்: ஸ்டார்ட்டரா, ரிலீவரா, பேட்டிங்கா, காயமா? எல்லாமும் என்றால் அந்த வருஷம் இளைஞர்களைப் பார்த்து ரசிக்க வேண்டிய வருஷம். அதுவும் கெட்டதல்ல.

ஜூனில் இன்னொரு விஷயம் நடந்தது. ஷெர்சர் பயிற்சியில் பந்தைத் தட்டப் பழகும்போது அது எகிறி முகத்தில் பட்டு மூக்கு உடைந்தது. மறுநாள், ஜூன் 19, கண்ணைச் சுற்றி கருநீல வீக்கத்தோடு வந்து பில்லீஸுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் வீசினார். ரன் கொடுக்கவில்லை, பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அந்த அணியை விரும்பாதவர்கள்கூட அந்த இரவை மறக்கவில்லை. முழு சீசனும் கூட இருந்தால்தான் இந்த மாதிரி இரவுகளின் அருமை புரியும்.

ஆள் மாற்றங்களைக் கவனிப்பது

ஆடும் பட்டியலில் இப்போது 26 பேர், செப்டம்பரில் 28. அதற்குப் பின்னால் 40 பேர் கொண்ட பெரிய பட்டியல், அதற்கும் கீழே மைனர் லீக் அணிகள். காயப் பட்டியலில் பேட்டரைக் குறைந்தது 10 நாளும் பிட்சரை 15 நாளும் வைப்பார்கள், பெரிய காயத்துக்கு 60 நாள் பட்டியல் தனி. காலையில் அணியின் செய்தியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஜூலை கடைசி வாக்கில் வர்த்தகக் கெடு வரும். அதற்குப் பிறகு அணிகளுக்கிடையே வழக்கமான ஆள் மாற்று கிடையாது. கெடுவுக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வோர் அணியும் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது வெளியே வந்துவிடும். ஜெயிக்க நினைக்கும் அணி அனுபவசாலியை வாங்கி இளைஞர்களைக் கொடுக்கும், கைவிட்ட அணி அதற்கு நேர்மாறு. 2019 ஜூலை 31 அன்று நேஷனல்ஸ் மூன்று ரிலீவர்களை வாங்கியது. மூன்றும் ரிலீவர்கள் என்பதைக் கவனியுங்கள், மே மாதத்து ஓட்டைக்குத்தான் ஆள் தேடினார்கள். அவர்களில் டொரன்டோவிலிருந்து வந்த டேனியல் ஹட்சன் பெரிய பெயர் இல்லாதவர். உலகத் தொடரின் கடைசிப் பந்தை வீசியவர் அவர்தான்.

மே மாதத்தில் சான்பிரான்சிஸ்கோ அணி கைவிட்ட பேட்டர் ஜெரார்டோ பாராவும் இப்படித்தான் சத்தமில்லாமல் வந்தார். ஜூனில் அடி வராமல் தவித்தபோது தன் சின்ன மகளுக்குப் பிடித்த சுறாமீன் பாட்டைத் தான் பேட் பிடிக்க வரும்போது போடச் சொன்னார். அக்டோபரில் மைதானம் முழுக்க நாற்பதாயிரம் பேர் கையைச் சுறா வாய் மாதிரித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தடவையாவது ஸ்கோர் எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்: பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது வெளிக்களம் 7, நடு 8, வலது 9. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் என்றால் 6-4-3 என்று எழுதினால் முடிந்தது. பிடிபட்ட உயரப் பந்துக்கு இடத்தின் எண்ணை மட்டும் எழுதுங்கள். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு உலகம் முழுக்க 'கே'.

டி.வி.யில் கேமரா பிட்சரையும் பேட்டரையுமே காட்டும். எழுத ஆரம்பித்தால் பந்து எங்கே போனது, யார் எங்கே நின்றார்கள் என்று கண் தானாகத் தேடும். மூன்று ஆட்டம் எழுதியவருக்கு விதிகளில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

மைதானத்துக்குப் போனால்

வாஷிங்டனில் நேஷனல்ஸ் பார்க் அனகோஸ்டியா ஆற்றங்கரையில் இருக்கிறது, 2008-இல் திறந்தது. மெட்ரோவின் பச்சைப் பாதையில் நேவி யார்ட் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். கார் வேண்டாம். முதல் தடவை போகிறவர்கள் ஏப்ரல் அல்லது மே மாத வாரநாள் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், டிக்கெட் மலிவு, கூட்டம் குறைவு. பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் மேல்தளத்தில் உட்காருங்கள். விலை உயர்ந்த ஓரத்து இருக்கைகளை விட அங்கிருந்து களம் முழுக்கத் தெரியும். மழை வந்தால் ஆட்டம் நின்று மறுபடி தொடங்கலாம், வேறு நாளில் ஒரே நாள் இரண்டு ஆட்டமாகவும் வைப்பார்கள். டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள்.

நான்காவது இன்னிங்ஸின் இடையில் பெரிய தலை பொம்மை வேஷம் போட்ட அமெரிக்க ஜனாதிபதிகள் களத்தின் ஓரத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். டெடி ரூஸ்வெல்ட் 2006 முதல் தோற்றுக்கொண்டே இருந்து 2012 அக்டோபரில்தான் முதல் தடவை ஜெயித்தார். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த நேரத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றுவிடாதீர்கள்.

கடைசி இன்னிங்ஸ் வரை இருங்கள். 2019 செப்டம்பர் 3 அன்று இதே மைதானத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் பேட் பிடிக்க வரும்போது நேஷனல்ஸ் 10-4 என்று பின்தங்கியிருந்தது. ஏழு ரன் எடுத்தார்கள். கேட்சர் கர்ட் சுசுகி பந்தைக் களத்துக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னில் 11-10. முன்னாலேயே கிளம்பிப் போனவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

செப்டம்பர் கணக்கு

இப்போதைய முறையில் ஒவ்வொரு லீக்கிலும் ஆறு அணிகள் அக்டோபருக்குப் போகும்: மூன்று பிரிவு வெற்றியாளர்கள், அவர்களை அடுத்து நல்ல நிலையில் உள்ள மூன்று வைல்ட் கார்டு அணிகள். முதல் இரண்டு பிரிவு வெற்றியாளர்களுக்கு முதல் சுற்று ஓய்வு. ஆகவே செப்டம்பரில் இரண்டு பட்டியலைப் பார்க்க வேண்டும், பிரிவுப் பட்டியல் ஒன்று, வைல்ட் கார்டு பட்டியல் ஒன்று. உங்கள் அணி பிரிவில் எட்டு ஆட்டம் பின்னால் இருந்தும் வைல்ட் கார்டில் உள்ளே இருக்கலாம்.

முதலிடத்தில் இருந்தால் மேஜிக் நம்பர் என்ற எண்ணைக் கேள்விப்படுவீர்கள். 163-இலிருந்து உங்கள் வெற்றிகளையும் இரண்டாம் அணியின் தோல்விகளையும் கழித்தால் வருவது. நீங்கள் 90 வெற்றி, அவர்கள் 66 தோல்வி என்றால் 7. உங்கள் ஒவ்வொரு வெற்றிக்கும் அவர்களுடைய ஒவ்வொரு தோல்விக்கும் ஒன்று குறையும். பூஜ்யமானால் இடம் உறுதி.

2019-இல் விதி இன்னும் கடுமை. லீக்குக்கு இரண்டு வைல்ட் கார்டு அணிகள், அவற்றுக்குள் ஒரே ஒரு ஆட்டம், தோற்றால் வீடு. நேஷனல்ஸ் செப்டம்பர் 24 அன்று பில்லீஸுக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வென்று அந்த இடத்தைப் பிடித்தது.

அக்டோபரில் மாறுவது

இங்கேதான் நாம் முதலில் கேட்டுக்கொண்ட கேள்விக்குப் பதில் மாறுகிறது. லீக் காலத்தில் ஐந்து ஸ்டார்ட்டரும் பெரிய புல்பென்னும் இல்லாமல் பிழைக்க முடியாது. அக்டோபரில் இடையிடையே பயண நாட்கள் வரும், ஓய்வு கிடைக்கும், மூன்று நல்ல ஸ்டார்ட்டர்கள் பெரும்பாதி வேலையைச் செய்துவிடலாம். ஏப்ரலில் பலவீனமாக இருந்த அணியின் பலவீனம் அக்டோபரில் மறைந்துவிடுவது இப்படித்தான். மார்ட்டினெஸ் இதை முழுக்கப் பயன்படுத்தினார். நம்ப முடியாத ரிலீவர்களை ஒதுக்கிவிட்டு ஸ்டார்ட்டர்களையே ரிலீவர்களாகவும் இறக்கினார்.

அக்டோபர் 1, மில்வாக்கி புரூவர்ஸுக்கு எதிரான வைல்ட் கார்டு ஆட்டம். ஷெர்சர் ஐந்து இன்னிங்ஸ், அடுத்த மூன்றுக்கு ஸ்ட்ராஸ்பர்க். எட்டாவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்தங்கியிருந்தபோது, அந்த லீக்கின் மிரட்டும் இடதுகை ரிலீவர் ஜாஷ் ஹேடரின் பந்தைச் சோட்டோ வலதுபக்கம் அடித்தார். வலது வெளிக்களத்துக்காரரைத் தாண்டிப் பந்து உருண்டது, பேஸ்களில் நின்ற மூன்று பேரும் ஓடி வந்துவிட்டார்கள். 4-3.

அடுத்து 106 வெற்றி பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், ஐந்து ஆட்டத் தொடர். கடைசி ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் கிளேட்டன் கெர்ஷாவின் அடுத்தடுத்த இரண்டு பந்துகளில் ரெண்டோனும் சோட்டோவும் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார்கள். பத்தாவது இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிறைந்திருக்க ஹோவி கென்ட்ரிக்கின் ஹோம் ரன். அடுத்த சுற்றில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை நான்கு ஆட்டத்திலும் வென்றார்கள்.

உலகத் தொடரில் எதிரணி 107 வெற்றி பெற்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். ஏழு ஆட்டங்களிலும் வெளியூர் அணிதான் வென்றது, இதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. ஐந்தாம் ஆட்டத்துக்கு முன் ஷெர்சருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியவில்லை. ஊசி போட்டுக்கொண்டு ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கினார். அவருக்குப் பின் ஸ்டார்ட்டர் கோர்பின் மூன்று இன்னிங்ஸ், பிறகு ஹட்சன். கென்ட்ரிக் அடித்த பந்து வலது ஓரக் கம்பத்தில் மோதி ஹோம் ரன் ஆனது. 6-2. வாஷிங்டன் நகரத்துக்கு 1924-க்குப் பிறகு முதல் உலகத் தொடர் பட்டம். தொடரின் சிறந்த வீரர் ஸ்ட்ராஸ்பர்க்.

இந்த ஆட்டங்களின் சுருக்கக் காணொளிகள் இணையத்தில் இருக்கின்றன. உங்கள் முதல் சீசன் தொடங்குமுன் இவற்றைப் பாருங்கள். ஒவ்வொரு பிட்சர் மாற்றத்திலும் நிறுத்தி, ஏன் இவர், ஏன் இப்போது என்று யோசித்துப் பாருங்கள்.

குளிர்காலத்தில்

உலகத் தொடர் முடிந்த சில நாளில் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் சுதந்திரமாகிவிடுவார்கள். உங்களுக்குப் பிடித்த ஆள் போகலாம். ரெண்டோன் அந்த டிசம்பரிலேயே ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். சோட்டோவை 2022-இல் சான் டியாகோவுக்கு மாற்றினார்கள். ஸ்ட்ராஸ்பர்க் புது ஒப்பந்தம் போட்டும் காயங்களால் அதற்குப் பிறகு எட்டு ஆட்டமே வீச முடிந்தது. இதெல்லாம் வலிக்கும். அணியோடு இருப்பதா வீரரோடு போவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம், இரண்டும் நியாயம்தான்.

பிப்ரவரி நடுவில் பயிற்சி முகாம்கள் திறக்கும், பாதி அணிகள் ஃபுளோரிடாவில், பாதி அரிசோனாவில். நேஷனல்ஸ் முகாம் ஃபுளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச்சில். அந்த மைதானத்தை ஆஸ்ட்ரோஸோடுதான் பகிர்ந்துகொள்கிறார்கள். முகாமுக்கு முதலில் வருவது பிட்சர்களும் கேட்சர்களும். அந்த வாரமே பட்டியலைத் திறந்து ஐந்து ஸ்டார்ட்டர்களின் பெயரை எழுதி வையுங்கள், மார்ச் முடிவதற்குள் அதில் யாராவது ஒருவர் மாறுவார்.